அப்பா கல்லுக்கு ஒரு கேஒய்சி

கொல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்து மூணு வருஷம் முடிஞ்சு நாலாவது ஓடுது. மீன் மார்க்கெட், டிராம், துர்கா பூஜைன்னு இந்த ஊரைப் பத்தி எழுத எவ்வளவோ இருக்கு. நான் இன்னிக்கு எழுதப்போறது ஒரு கல்லைப் பத்தி. கல்லைப் பத்தி எழுத உனக்கு என்னய்யா தகுதின்னு கேட்டா, ஒண்ணும் இல்லைதான். படிச்சது பி.காம்., பார்க்கிறது பேங்க் உத்தியோகம். ஆனா பத்து மாசம் ஒரு கல்லை ஆபீஸ் டிராயர்ல பூட்டி வச்சுக்கிட்டு, அதை என்ன செய்யறதுன்னு தெரியாம முழிச்சிருக்கேன். அந்த ஒரே தகுதிதான்.

முதல்ல கல்லு எப்படி இருக்கும்னு சொல்லிடறேன். உள்ளங்கையில அடங்கற சைஸ். குறுக்களவு ஒன்பது சென்டிமீட்டர். நகைக்கடன் தராசுல வச்சுப் பார்த்தேன், 232 கிராம். நத்தை மாதிரி சுருண்டிருக்கும், ஆனா நத்தை மாதிரி கூம்பா எழும்பாம தட்டையா இருக்கும். வெல்லப்பாகு நிறம். ஓரத்துல ஒரே ஒரு இடம் மட்டும் சாய்ச்சுப் பிடிச்சா பச்சையும் சிவப்புமா மினுங்கும். மேல பூரா கண்ணாடி மாதிரி பாலிஷ். பாலிஷுக்குக் கீழ, பெரணி இலையை வரிசையா ஒட்டி வச்ச மாதிரி கோடுகள்.

எங்க அப்பா அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில ஸ்டோர்ஸ் கிளார்க்கா இருந்தவர். 2006ல ரிட்டையர் ஆனார். வீட்டு முன்னறையில அவருக்குன்னு ஒரு மர மேசை. கரண்ட் பில், பால் கணக்கு, எல்.ஐ.சி. ரசீது எல்லாம் அடுக்கி வச்சு, ஃபேன் காத்துக்குப் பறக்காம இருக்க அது மேல இந்தக் கல்லை வச்சிருப்பார். ஒரு தடவை லீவுல போனப்ப, "என்னப்பா இது?"ன்னு கேட்டேன். "கடல் போட்டுட்டுப் போனது"ன்னார். அதோட சரி. அப்பா அதிகம் பேசற ஆள் இல்லை. நானும் அதிகம் கேட்கற ஆள் இல்லை.

அரியலூர்க்காரனுக்கு இந்தப் பதில் போதும். இன்னிக்குக் கடல் எங்க ஊருக்கு ரொம்ப தூரம். ஆனா ஒரு காலத்துல கடல் எங்க ஊர் மேலதான் கிடந்துச்சு. அது விட்டுட்டுப் போன சுண்ணாம்புக்கல்லை நம்பித்தான் அத்தனை சிமெண்ட் ஆலையும் வந்துச்சு. சுரங்கத்துல கிளிஞ்சல், சங்கு, சுருள் சுருளா கல்லான பிராணின்னு கிடைக்கிறதை சின்ன வயசுலருந்தே பார்த்திருக்கோம். அப்பாவும் அப்படி ஒண்ணை எடுத்துட்டு வந்து பாலிஷ் போட்டு வச்சிருக்கார்னு நானே முடிவு பண்ணிக்கிட்டேன்.

2021ல அப்பா போயிட்டார். அம்மா அதுக்கு முன்னாடியே போயாச்சு. வீட்டைக் காலி பண்ணி, அப்பாவோட பேப்பர், கண்ணாடி, வாட்ச் எல்லாத்தையும் ஒரு ட்ரங்க் பெட்டியில போட்டு ஸ்ரீரங்கத்துல அக்கா வீட்டுப் பரண்ல ஏத்தினோம். கல்லும் அதுக்குள்ள போச்சு.

2023 ஆகஸ்ட்ல மாமாவுக்கு, அதாவது அக்கா வீட்டுக்காரருக்கு, ஹார்ட் அட்டாக். பைபாஸ் பண்ண வேண்டியதாப் போச்சு. பிழைச்சு வந்துட்டார். அந்தப் பணப் பதட்டத்துல, அப்பாவோட பழைய டெபாசிட் ரசீது ஏதாவது கிடக்குமான்னு அக்கா ட்ரங்க் பெட்டியை இறக்கித் தேடியிருக்கா. ரசீது கிடைக்கலை, கல் கிடைச்சுது. அப்பா ஞாபகமா சாமி மாடத்துல வச்சிருக்கா. மாமாவைப் பார்க்க வந்த பக்கத்து வீட்டு மாமி கண்ணுல அது பட்டுடுச்சு.

"ஐயையோ, இது சாளக்கிராமம்னா! எங்கேர்ந்து வந்தது? இதுக்கு தினம் திருமஞ்சனம் பண்ணி அமுது செய்யப் பண்ணணும். ரெண்டு வருஷமா பெட்டிக்குள்ள போட்டுப் பட்டினி போட்டிருக்கேளே!"

மாமி கெட்ட எண்ணத்துல சொல்லலை. அவங்க நம்பறதைச் சொன்னாங்க. ஆனா எங்க வீட்டுல குலதெய்வம் அய்யனார். வருஷத்துக்கு ஒரு தடவை பொங்கல் வச்சா அவர் திருப்தி ஆயிடுவார். சாளக்கிராமம், திருமஞ்சனம்லாம் எங்களுக்குப் பழக்கமே இல்லை. பழக்கம் இல்லாத சாமின்னா பயமும் ஜாஸ்தி இல்லையா? அக்கா மனசுல கணக்கு சரியா உட்கார்ந்துடுச்சு. 2021ல கல் பெட்டிக்குள்ள போச்சு, 2023ல வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலி. பெட்டியில போட்டது யாரு? நானு. அன்னிலருந்து தினம் பாலால கழுவி, வாழைப்பழம் வச்சு, மன்னிப்பு கேட்டு... போன்ல பேசறப்பல்லாம் குரல் உடைஞ்சிருக்கும்.

2024 பொங்கலுக்குப் போனப்ப மஞ்சத் துணியில சுத்தி என் கையில குடுத்துட்டா.

"தம்பி, என்னால முறையா செய்ய முடியலடா. நீ இருக்கற ஊர்ல கங்கை ஓடுதுல்ல? அதுல விட்டுடு."

"காவேரி பக்கத்துலயே ஓடுதேக்கா?"

"கோடையில தண்ணி வத்தினா திரும்பக் காலடியிலயே வந்து நிக்கும்டா. கங்கைன்னா போனது போனதுதான்."

சரின்னுட்டேன். அப்ப அவ முகத்தைப் பார்த்தா நீங்களும் சரின்னுதான் சொல்லியிருப்பீங்க.

ஊருக்கு வந்த மறு ஞாயிற்றுக்கிழமை பையில போட்டுக்கிட்டு பாபுகாட் போனேன். படிக்கட்டுல உட்கார்ந்து மண் குவளையில ரெண்டு டீ குடிச்சேன். சாமந்தி மாலை மிதந்து போகுது, பக்கத்துல யாரோ திதி குடுக்கறாங்க. துணியைப் பிரிச்சுக் கல்லைக் கையில எடுத்தேன். கரண்ட் பில் மேல வச்சு வச்சு அடிப்பக்கம் லேசா வழவழப்பு. அப்பா கை பட்ட சாமான்னு என்கிட்ட வேற எதுவும் கிடையாது. வாட்ச் அக்கா பையன்கிட்ட. திரும்ப சுத்திப் பையில வச்சுட்டு பஸ் ஏறிட்டேன். மறுநாள் ஆபீஸ் டிராயர்ல வச்சுப் பூட்டினேன். வீட்டுல வச்சா தங்கமணி கேள்வி கேட்பாங்க :-)

அக்கா வாராவாரம் கேட்பா, "விட்டுட்டியா?" "நல்ல நாள் பார்த்துக்கிட்டிருக்கேன்"னு ஆரம்பிச்சேன். அப்புறம் ஆடிட், அப்புறம் மழை, அப்புறம் பூஜை கூட்டம். பொய் சொல்றதுல நான் அவ்வளவு தேர்ச்சி இல்லை. செப்டம்பர்ல மாமாவுக்கு மூச்சு வாங்குதுன்னு திரும்ப நாலு நாள் ஆஸ்பத்திரி. அன்னிக்கு ராத்திரி போன்ல அக்கா ஒண்ணுதான் கேட்டா: "நீ இன்னும் அதைக் கையிலயே வச்சிருக்கியா?"

நான் பதில் சொல்லலை. கல்லைப் பட்டினி போட்டா ஹார்ட் அட்டாக் வரும்னு நான் நம்பறவன் இல்லை. மாமா முப்பது வருஷமா சுகர்க்காரர், சிகரெட் வேற. ஆனா இதைச் சொல்லி அக்காகிட்ட ஜெயிக்க முடியுமா? "உனக்கு எல்லாமே கணக்கு"ன்னு போனை வச்சுடுவா. அவளோட நம்பிக்கைக்கு உள்ளேயே நின்னுதான் ஒரு வழி கண்டுபிடிக்கணும். அப்பதான் தோணுச்சு, இது சாளக்கிராமம்தானான்னு இதுவரைக்கும் யாரும் பார்க்கவே இல்லையே? ஒரு அக்கவுண்ட் திறக்கவே அட்ரஸ் ப்ரூஃப் கேட்கற நாம, இந்தக் கல்லுகிட்ட மட்டும் ஒண்ணும் கேட்காம விட்டுட்டோமேன்னு.

உடனே ஆராய்ச்சியில இறங்கினேன். கிச்சன்லருந்து வினிகர் எடுத்து ஒரு சொட்டு விட்டேன். குட்டிக் குட்டியா நுரைச்சுது. சுண்ணாம்புச் சத்துன்னு தெரிஞ்சுது. கூடவே அந்த இடத்துல பாலிஷ் போய் மங்கலா ஒரு வட்டமும் விழுந்துடுச்சு. ஆராய்ச்சியை அதோட நிறுத்திக்கிட்டேன்.

நவம்பர் வந்துச்சு. நவம்பர்னா எங்க கிளையில பென்ஷன்காரங்க திருவிழா. ஆயுள் சான்றிதழ் குடுக்கற மாசம். எழுபத்தஞ்சு வயசைத் தாண்டின ஒரு வங்காளிப் பெரியவர் வந்திருந்தார். கைரேகை மெஷின்ல விழ மாட்டேங்குது. வயசானவங்களுக்கு ரேகை தேஞ்சிருக்கும், இது வழக்கமா வர்ற பிரச்சினைதான். "நாப்பது வருஷம் கல்லைத் தடவியே தேஞ்சு போச்சு மேனேஜர் பாபு"ன்னு சிரிச்சார். என்ன சார்னு கேட்டேன். ஜியாலஜி வாத்தியாராம்.

சும்மா விடுவேனா? கருவிழி மெஷின்ல வேலையை முடிச்சுக் குடுத்துட்டு, டீ சொல்லி உட்கார வச்சு, டிராயரைத் திறந்து மஞ்சத் துணியை எடுத்தேன். அவர் சட்டைப் பையிலருந்து ஒரு குட்டி மடக்கு லென்ஸ் வந்துச்சு. ரிட்டையர் ஆகியும் பேனா மாதிரி அதைக் குத்திக்கிட்டு வர்ற மனுஷன்!

முதல்ல அந்தப் பெரணி இலைக் கோட்டைத்தான் பார்த்தார். "இது செதுக்கினது இல்லை, நிஜ அம்மோனைட்"னார். அம்மோனைட்னா நத்தை இல்லையாம், கணவாய்க்கும் ஆக்டோபஸுக்கும் சொந்தம். சுருண்ட ஓட்டுக்குள்ள அறை அறையா தடுப்புச் சுவர் கட்டிக்கிட்டே வளரும். கடைசி அறையில மட்டும் பிராணி குடியிருக்கும், பழைய அறைகளை வச்சு மிதக்கறதும் முங்கறதும் நடக்கும். அந்தத் தடுப்புச் சுவரோட ஓரம் ஓட்டுல வந்து சேர்ற தையல்தான் இந்த இலைக் கோடு. மேல் ஓடு தேஞ்சாத்தான் வெளியில தெரியும். ஒவ்வொரு அறைக்கும் இவ்வளவு நுணுக்கமா செதுக்கி ஏமாத்த யாருக்கும் கட்டுப்படி ஆகாதாம். மொராக்கோவுலருந்து பாலிஷ் போட்டு வர்ற சுருள் கல்லுல நிறைய இதைவிட ரொம்பப் பழசு, கோனியடைட்னு பேரு. அதுல தையல் வெறும் வளைவும் கோணலுமாதான் இருக்கும், இப்படி இலை இலையா இருக்காது. அதனால அது கழிஞ்சுது.

நான் மெதுவா, "சார், இது சாளக்கிராமமா?"ன்னேன்.

அவர் சிரிக்கலை. அது எனக்குப் பிடிச்சுது. சாளக்கிராமம்ங்கிறதுலயும் பெரும்பாலும் உள்ள இருக்கறது அம்மோனைட்தான், அந்தச் சுருளைத்தான் சக்கரம்னு கும்பிடறாங்கன்னார். நேபாளத்துல முக்திநாத் பக்கம் காளி கண்டகி ஆத்துல கிடைக்கிறது. நம்ம 108 திவ்ய தேசத்துல திருச்சாளக்கிராமம்னு வர்றதே அந்த இடம்தான். இமயமலை எழும்பறதுக்கு முன்னாடி அங்க கிடந்த கடலோட சேறு கறுப்புக் களிப்பாறையா இறுகி, அதுக்குள்ள உருண்டை உருண்டையா கல் திரண்டு, அந்த உருண்டைக்குள்ள அம்மோனைட். வயசு சுமார் 15 கோடி வருஷம். ஆறு உருட்டி உருட்டி வழவழப்பாக்கி வெளியில கொண்டு வருது.

"இப்ப உங்க கல்லைப் பாருங்க"ன்னு லென்ஸை என் கையில குடுத்தார். "கண்டகிக் கல் கறுப்பு. இது தேன் நிறத்துல கால்சைட் படிகம். அங்க கிடைக்கிறதுல பொதுவா சுருள் எல்லாம் கயிறு சுத்தி வச்ச மாதிரி வெளியில தெரியும், மேல கிளை பிரியற தடிச்ச வரிகள் ஓடும். இதுல கடைசிச் சுத்து முந்தின சுத்துகளை எல்லாம் மூடிடுச்சு. நடுவுல தொப்புள் மாதிரி சின்னக் குழி மட்டும்தான். உடம்பும் தட்டை. ஓரத்துல மினுங்குதே, அது ஓட்டோட முத்துப் பூச்சு, இன்னும் போகாம இருக்கு. இது வேற கடல், வேற காலம்."

எனக்கு நெஞ்சு அடிச்சுக்கிச்சு. "அப்ப அரியலூரா சார்? எங்கப்பா அங்கதான் வேலை பார்த்தார்."

அரியலூர்னதும் மனுஷன் நிமிர்ந்து உட்கார்ந்தார். எழுபதுகள்ல ரெண்டு சீசன் காரை, ஊட்டத்தூர், கருடமங்கலம்னு வெயில்ல சுத்தியிருக்காராம்! வங்காளி வாயில ஊட்டத்தூர்ங்கிற பேரைக் கேட்க எப்படி இருந்துச்சுன்னு சொல்லத் தெரியலை. எங்க ஊரைப் பத்தி எனக்கே தெரியாததெல்லாம் அவர் சொன்னார். அந்தப் பக்கத்துப் புதைபடிவங்களை முதல்ல சேகரிச்சவங்க கேய், கன்லிஃப்னு ரெண்டு வெள்ளைக்காரங்க. 1846ல எட்வர்ட் ஃபோர்ப்ஸ் அதைப் பத்தி எழுதினார். அப்புறம் 1851ல ஆரம்பிச்ச ஜியாலஜிகல் சர்வே வேலையை எடுத்துக்கிச்சு. ஸ்டோலிச்கான்னு ஒருத்தர் இதே கொல்கத்தாவுல உட்கார்ந்து தென்னிந்தியக் கடல் பிராணிகளைப் பத்தித் தொகுதி தொகுதியா எழுதினார். 1874ல மலைப்பயணத்துல லடாக்ல இறந்துட்டார், 36 வயசுதான். லேயில கல்லறை இருக்கு. அவர் வர்ணிச்ச எங்க ஊர்க் கல்லுங்க இன்னிக்கும் இந்த ஊர்ல சர்வே பாதுகாப்புல இருக்கு. என்னை மாதிரியே மாற்றலாகி வந்ததுங்க போல :-)

"ஆனா இது உங்க ஊர் இல்லை"ன்னார் பெரியவர். காரைப் பக்கம் ஜிப்சம் ஓடற களிமண். அங்க கிடைக்கிற அம்மோனைட்டுங்க பழுப்பா, மண்ணும் சுண்ணாம்பும் அடைச்ச அச்சா இருக்கும். இப்படி அறைக்கு அறை படிகம் வளர்ந்து, தேன் நிறத்துல, பாலிஷுக்குன்னே பொறந்த மாதிரி வர்றது மடகாஸ்கர்ல. அந்தத் தீவோட வடமேற்குல மஹஜங்கா பக்கம் கிடைக்கிற கிளியோனிசெராஸ்ங்கிற வகை. வயசு சுமார் 11 கோடி வருஷம். மூட்டை மூட்டையா வெட்டி எடுத்து, பாலிஷ் போட்டு, உலகம் பூராவும் கண்காட்சியிலயும் கடையிலயும் விக்கறாங்க. இந்த மாதிரி பாலிஷ் போட்ட கல்லுல பெரும்பங்கு அங்கருந்து வர்றதுதான்.

அப்புறம் அவர் கேட்டதுதான் எனக்குத் தோணாதது. "கள்ள நோட்டு பார்க்கற விளக்கு இருக்குமே?" கேஷ் கவுண்டருக்குப் போய் புற ஊதா விளக்குக்குக் கீழ வச்சோம். கடைசிச் சுத்துல ஒரு விரிசல் மட்டும் நீலவெள்ளையா பளிச்சுன்னு கோடு போட்டுச்சு. பசை. உடைஞ்சதை ஒட்டிப் பாலிஷ் போட்டிருக்காங்க. திருப்பினா, அடிப்பக்கம் ஒரு சின்ன செவ்வகம் மங்கலா ஒளிருது. லேபிள் ஒட்டியிருந்த கோந்து. கேஷியர் பையன் எட்டிப் பார்த்து, "விலைச் சீட்டு சார்"னான்.

ஆக, சுரங்கத்துல பொறுக்கினது இல்லை. காசு குடுத்து வாங்கினது.

"நிச்சயம்தானா சார்?"னு கேட்டேன். அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதறேன். "கண்டகி இல்லைன்னு வெள்ளைத் தாள்ல கையெழுத்துப் போட்டுத் தரேன். மடகாஸ்கர்ங்கிறதுக்குப் 'பெரும்பாலும்'னு ஒரு வார்த்தை சேர்த்துத்தான் போடுவேன். கூட ஒட்டின மண் கொஞ்சம் இருந்திருந்தா, அதுல இருக்கற நுண்ணுயிர் ஓடுகளை வச்சு எந்தக் கடல், எந்தப் படுகைன்னு இன்னும் நெருங்கியிருக்கலாம். பாலிஷ் போட்டவன் அழகைக் குடுத்துட்டு அட்ரஸை எடுத்துட்டான். லேபிளையாவது கிழிக்காம விட்டிருக்கலாம்."

வினிகர் வட்டத்தைக் காட்டி, இது யார் வேலைன்னார். கிளீனர் பையன்னு சொல்லலாமான்னு பார்த்தேன். அப்புறம் ஒத்துக்கிட்டேன்.

கிளம்பறப்ப வாசல்ல நின்னு இன்னொண்ணு சொன்னார். 11 கோடி வருஷத்துக்கு முன்னாடி இந்தியாவும் மடகாஸ்கரும் ஒட்டிக்கிட்டிருந்த ஒரே நிலத்துண்டாம். பிரிஞ்சது சுமார் 9 கோடி வருஷத்துக்கு முன்னாடிதான். "இந்தப் பிராணி உயிரோட இருந்தப்ப உங்க ஊரும் அதோட ஊரும் ஒரே துண்டோட ரெண்டு கரை. உங்கப்பா சொன்னதுல பெரிய தப்பில்லை மேனேஜர் பாபு."

அந்த ஞாயிற்றுக்கிழமை பொண்ணைக் கூட்டிக்கிட்டு சௌரங்கி இந்தியன் மியூசியம் போனேன். 1814ல ஆரம்பிச்ச மியூசியம். மூணு வருஷமா அது வழியா பஸ்ல போயிருக்கேன், உள்ள போனதில்லை. பாலிஷ் இல்லாத, பார்க்க அழகும் இல்லாத கல்லுங்க கண்ணாடிக்குள்ள. பொண்ணு மம்மியைப் பார்க்கணும்னு இழுக்கறா, நான் கல்லுப் பக்கத்துல இருக்கற சீட்டுல ஊர் பேர் தேடிக்கிட்டு நிக்கறேன். நம்ம கல்லு எவ்வளவு பளபளன்னு இருந்தாலும் இந்தச் சீட்டு அதுகிட்ட இல்லையேன்னு முதல் தடவையா உறைச்சுது.

வீட்டுக்கு வந்து பழைய ஆல்பத்தை எடுத்தேன். 2000ல நான் டிகிரி வாங்கினப்ப அப்பா மேசை முன்னாடி நின்னு எடுத்த போட்டோ இருக்கு. மேசை மேல பேப்பர் கட்டு இருக்கு, ஆனா அது மேல இந்தக் கல் இல்லை. ஆலையிலருந்து கொண்டு வந்த பழைய பேரிங் ஒண்ணு இருக்கு. சின்ன வயசுலருந்தே இந்தக் கல்லைப் பார்த்த மாதிரி ஒரு ஞாபகம் எனக்குள்ள அப்ப எப்படி வந்துச்சு? ஆடிட்ல சிக்கினா வசமா மாட்டுவேன்.

அன்னிக்கு ராத்திரி அக்காவுக்கு வீடியோ கால் போட்டேன். கல்லைக் கேமரா முன்னாடி பிடிச்சதும் அவ முகம் சுருங்கிடுச்சு. "இன்னும் விடலையா நீ?" கொஞ்சம் பொறு, முழுசா கேளுன்னு எல்லாத்தையும் சொன்னேன். கறுப்பு, தேன் நிறம், கயிறு சுத்தின மாதிரி, தொப்புள் மாதிரி, பசைக் கோடு, விலைச் சீட்டு. பெரியவர் கண்டகி இல்லைங்கிறதை எவ்வளவு அழுத்தமா சொன்னாரோ அதே அழுத்தத்தோட சொன்னேன். மடகாஸ்கருக்கு முன்னாடி "பெரும்பாலும்" போடவும் மறக்கலை.

ரொம்ப நேரம் பேசாம இருந்தா. "அப்ப இது சாமி இல்லையா?"

"அந்தச் சாளக்கிராமம் இல்லைக்கா."

"அப்ப இதைப் பட்டினி போட்டதா ஆகாதா?"

"ஆகாது."

"அப்ப நான் ஒண்ணும் தப்பு பண்ணலையாடா?"

எனக்குத் தொண்டை அடைச்சுக்கிச்சு. ஒன்றரை வருஷமா ஒருத்தி இந்தக் கேள்வியை யார்கிட்டயும் கேட்காம உள்ளயே வச்சிருந்திருக்கா. "நீ ஒண்ணும் பண்ணலைக்கா"ன்னேன். அவ முந்தானையால முகத்தைத் துடைச்சுக்கிட்டு, பக்கத்துல படுத்திருந்த மாமாகிட்ட, "கேட்டீங்களா, அது மடகாஸ்கர் நத்தையாம்"னா. நத்தை இல்லை, கணவாய் ஜாதின்னு திருத்த வாயெடுத்துட்டு விட்டுட்டேன்.

அப்புறம்தான் அவளுக்கு ஞாபகம் வந்துச்சு. "இருடா இருடா... விலைச் சீட்டுன்னியே. அப்பா ரிட்டையர் ஆன புதுசுல மெட்ராஸ்ல ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டு வந்தாரு. பையிலருந்து எதையோ எடுத்து மேசை மேல வச்சாரு. அம்மா, 'கல்லுக்குப் போயி யாராச்சும் காசு குடுப்பாங்களா'ன்னு ரெண்டு நாள் சத்தம் போட்டுச்சு. அப்பா ஒண்ணுமே சொல்லலை, சிரிச்சுக்கிட்டே இருந்தாரு. நான்தான அப்ப பிரசவத்துக்கு வந்து அங்க இருந்தேன்!"

இது இவ்வளவு நாள் ஏன் ஞாபகம் வரலைன்னு நான் கேட்கலை. பயம் உட்கார்ந்திருந்த இடத்துல ஞாபகத்துக்கு ஏது இடம்? எனக்கு வேற ஒண்ணு ஓடிக்கிட்டிருந்துச்சு. தனக்குன்னு ஒரு நல்ல சட்டைகூட எடுத்துக்காத மனுஷன். தீபாவளிக்கு ஆலையில குடுக்கற துணியைத்தான் தைச்சுப் போட்டுக்குவார். அவர் ஒரு கடையில நின்னு, இது எனக்கு வேணும்னு ஒரு கல்லைக் கேட்டு வாங்கியிருக்கார். முப்பது வருஷம் சுண்ணாம்புத் தூசியில கணக்கு எழுதினவருக்கு அந்தக் கடல் மேல அப்படி ஒரு ஆசை இருந்திருக்கு. எங்க யாருக்கும் அது தெரியாது. "கடல் போட்டுட்டுப் போனது"ன்னு சொன்னப்ப நான் பக்கத்துல உட்கார்ந்து, எந்தக் கடல்பான்னு இன்னும் ஒரு கேள்வி கேட்டிருந்தா பேசியிருப்பாரோ என்னவோ.

"சரி, கங்கையில போட்றாத"ன்னா அக்கா. "பேப்பர் பறக்காம இருக்கத்தான அப்பா வாங்கினாரு. நீயும் அதுக்கே வச்சுக்க." ரெண்டு செகண்ட் கழிச்சு, "மாமி கேட்டா கங்கையில விட்டாச்சுன்னுதான் சொல்லுவேன்"னா.

இப்ப கல்லு என் ஆபீஸ் மேசை மேல, ஃபைலுக்கு மேல இருக்கு. பெரியவர் சொன்னபடி ஒரு சின்ன அட்டையில எழுதி அதுக்குக் கீழ வச்சிருக்கேன்: "அம்மோனைட். பெரும்பாலும் கிளியோனிசெராஸ். பெரும்பாலும் மடகாஸ்கர், சுமார் 11 கோடி வருஷம். ஒரு விரிசல் ஒட்டப்பட்டது. வினிகர் கறை என்னுடையது. 2006 வாக்கில் சென்னையில் அப்பா காசு கொடுத்து வாங்கியது." கடைசி வரிக்கு மட்டும் 'பெரும்பாலும்' போடலை. அதுக்கு அம்மா போட்ட சத்தம் சாட்சி.

உங்க வீட்டுப் பரண்லயும் பெட்டியிலயும் இப்படி ஏதாவது கிடந்தா, பாலிஷ் போடறதுக்கு முன்னாடி, ஆத்துல விடறதுக்கு முன்னாடி, எங்கருந்து எப்ப வந்துச்சுன்னு ஒரு துண்டுச் சீட்டு எழுதி வச்சுடுங்க. கேட்டுத் தெரிஞ்சுக்க ஆள் இருக்கறப்பவே.